முடி கொட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்

பெற்றோர்களே, வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர்களே, வணக்கம்.

புற்றுநோய்க்கான கீமோ மருந்து தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் பிள்ளைக்குப் பெரும்பாலும் முடி கொட்டும். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த மருந்துகள் தாக்குகின்றன. முடிவேரில் இருப்பவையும் அந்த வகைதான். தலைமுடியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கொத்துக் கொத்தாக வருகிறது. ஆக, பேசுவதற்கு நம் கையில் இரண்டு வாரம் இருக்கிறது. 'பிள்ளை பயந்துவிடுமே' என்று அதை வீணாக்கிவிடுகிறோம்.

நாலு வயதுப் பிள்ளைக்கு அழகைப் பற்றிக் கவலை குறைவு. தலையணையில் முடியைப் பார்த்ததும் அதன் மனதில் ஓடுவது வேறு: "அடுத்து விரல் விழுமா? நான் சேட்டை பண்ணினதாலயா?" வலிக்காது, உன் தப்பு இல்லை, கைகால் எல்லாம் அப்படியே இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புருவமும் இமைமுடியும் உதிரலாம் என்பதையும் மறைக்காதீர்கள். ஆறு வயதை ஒட்டிய பிள்ளை என்றால், பால் பல் விழுவது வேறு கதை என்று தனியாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால் பிள்ளை ஆடிப்போகும்.

மொட்டைத் தலை நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அது நமக்கு ஒரு வசதி. ஆனால் "பழனிக்கு வேண்டுதல்" என்று பொய் சொல்லாதீர்கள். "முருகனுக்கு முடியைத்தானே கொடுத்தோம், புருவம் ஏன் போச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சவரக்கத்தி, பிளேடு வேண்டவே வேண்டாம். கீமோவால் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் குறைந்திருக்கும் நேரத்தில் சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போய்விடும். ரத்தமும் எளிதில் நிற்காது. சுத்தம் செய்த டிரிம்மரால் ஒட்ட வெட்டினால் போதும். சந்தனம் பூச வேண்டாம். நீளச் சடை வைத்த பெண்பிள்ளைக்கு முதலில் தோள்வரை, சில நாள் கழித்துக் கிராப் என்று படிப்படியாகக் குறையுங்கள். எந்த நாள், யார் வெட்டுவது என்பதை அவளே சொல்லட்டும். அப்பாவும் மொட்டை போட நினைத்தால் பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்; அப்பா மாறிப்போவது சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

கொட்டும் நாட்களில் முடி வாயிலும் கழுத்திலும் ஒட்டி அரிக்கும். இரவில் மெல்லிய பருத்திக் குல்லா போட்டால் காலையில் அதையே உதறிவிடலாம். குல்லாவின் தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், இறுக்கும் எலாஸ்டிக் கூடாது. புருவத்துக்கு மேலே சுற்றி அளவெடுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை ஏறக்குறைய 49 முதல் 51 செ.மீ. வரும். வியர்வைக்கு மாற்றக் குறைந்தது மூன்று குல்லா வேண்டும். விக்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் சின்னப் பிள்ளை அதைப் பிடுங்கி எறிந்துவிடும்.

மூக்கு முடியும் உதிர்வதால் மூக்கு ஒழுகலாம். காய்ச்சல் வந்தால் மட்டும் அதை முடியின் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எப்போது முளைக்கும் என்று தேதி சொல்லாதீர்கள். ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் மாத்திரையாக மருந்து கொடுக்கும் கடைசிக் கட்டத்திலேயே, சிகிச்சை முடியும் முன்பே முளைத்துவிடும்; நிறமும் சுருளும் மாறியிருக்கலாம். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிள்ளைக்குச் சில இடங்களில் அடர்த்தி குறையலாம். அவர்களுக்கு வாக்குக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.