முதுமையில் உட்செவி: பரிசோதனை அறையில் எதைப் பார்க்கிறார்கள்?

[திரையில்: உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட கேட்கும் உறுப்பான காக்ளியாவின் குறுக்குவெட்டு]

“பேசுவது கேட்கிறது, என்ன சொன்னார்கள் என்பதுதான் புரியவில்லை” என்று முதியவர்கள் சொன்னால், கவனம் போதவில்லை என்று வீட்டிலுள்ளவர்கள் நினைத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் உட்செவியில்தான் இருக்கிறது. ஒரு காதின் காக்ளியாவில் பிறவியிலேயே ஒலியதிர்வை நரம்புச் சைகையாக்க உதவும் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 15,000தாம் உள்ளன. அழிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்களை வாங்கும் செல்கள் அந்தச் சுருளின் அடிப்பகுதியில் இருக்கின்றன. வயது ஏறும்போது பொதுவாக அவையே முதலில் சிதைகின்றன. உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை தப்பிவிட, ‘ஸ’, ‘ஷ’ போன்ற மெய்யொலிகள் மங்குகின்றன. குரல் காதில் விழுந்தும் சொல் பிடிபடாமல் போவது இதனால்தான்.

[திரையில்: வலப்பக்கம் சரியும் ஆடியோகிராம் கோடு]

ஒலிபுகா அறையில் ஹெட்போனை மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான தூய ஒலிகளைத் தந்து, ஒவ்வொன்றிலும் கேட்கக்கூடிய மிக மெல்லிய அளவை டெசிபலில் ஒரு வரைபடமாகக் குறிக்கிறார்கள்; அதுதான் ஆடியோகிராம். பிறகு காதின் பின்னெலும்பில் சிறு அதிர்வுக் கருவியை வைத்து, வெளிச்செவியையும் நடுச்செவியையும் தாண்டி, உட்செவியையே நேரடியாகச் சோதிக்கிறார்கள். இரு வழியிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் பழுது உட்செவியிலோ நரம்பிலோ உள்ளது. எலும்பு வழியில் நன்றாகக் கேட்டால், வெறும் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கலாம். முதுமைக் குறைபாடு இரு காதுகளையும் ஏறக்குறைய ஒரேபோல் பாதிக்கும். ஒரு காது மட்டும் வெகுவாக மங்கியிருந்தால், அதை வயதின் கணக்கில் எழுதாமல், செவி நரம்பில் கட்டி இல்லை என்று எம்ஆர்ஐ மூலம் உறுதிசெய்ய வேண்டும்.

உட்செவி தானே மெல்லிய ஒலியை வெளியிடுகிறது என்று பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் கெம்ப் 1978இல் காட்டினார். அந்த எதிரொலியைக் காதுக்குள் வைத்த மைக்கில் பதிவுசெய்வதால், மறதிநோயால் பொத்தானை அழுத்த இயலாதவரிடமும் இச்சோதனை சாத்தியம்.

[திரையில்: பேச்சலையும் இரைச்சலும் கலந்த ஒலிப்பதிவு]

ஆயினும், என் கணிப்பில், பலருக்கும் விட்டுப்போவது இரைச்சலுக்கிடையே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனைதான். கல்யாண மண்டபத்திலும் பேருந்திலும் தடுமாறும் ஒருவருக்கு, அமைதியான அறையில் எடுத்த ஆடியோகிராம் பெரிய குறை காட்டாமலிருக்கலாம். எனவே இதையும் செய்யுமாறு செவித்திறனைச் சோதிக்கும் ஆடியோலஜிஸ்ட்டிடம் கேட்கலாம். சொற்பட்டியல் முதியவரின் தாய்மொழியில் இருப்பது அவசியம். பழகாத ஆங்கிலச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், அளக்கப்படுவது செவித்திறனா, மொழியறிவா என்று பிரித்தறிய முடியாது.