8 மில்லிமீட்டர்ல 38 சிசி! ஆக்டிவாவுக்கு ‘போர்’ போட்டா என்ன ஆகும்?

வேலூர்ல ஒருத்தர் "போர் போடப்போறேன்"னு சொன்னா, பக்கத்து வீட்டுக்காரர் கேக்கற முதல் கேள்வி "எத்தனை அடியில தண்ணி?". நம்ம நண்பன் ஒருத்தன் வீட்ல அப்படித்தான் சொல்லியிருக்கான். அவங்க அப்பா, உள்ளங்கையில தேங்காயை வச்சு நீரோட்டம் பாக்கற ஆளுக்கே போன் போட்டுட்டாரு. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. பையன் போர் போடப்போறது நிலத்துல இல்ல, ஆக்டிவாவுல.

வணக்கம் மக்களே. இன்னைக்கு பிக் போர் கிட். பழைய 110 ஆக்டிவாவோட சிலிண்டர் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். அதைக் கழட்டிட்டு 58 மில்லிமீட்டர் சிலிண்டர் மாட்டினா, 109 சிசி வண்டி கிட்டத்தட்ட 147 சிசி. சிசின்னா சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஓடற இடத்தோட கொள்ளளவு. கூடினது 8 மில்லிமீட்டர், நம்ம சுண்டு விரல் அகலம்கூட வராது. அதுக்கு எப்படி 38 சிசி ஏறுது? வீடியோ முழுக்க இதுதான்.

வரலாறு ஒரே மூச்சுல சொல்லிடறேன், ஓட்டிவிட்டுடாதீங்க. இத்தாலியில பசங்க ஓட்டுற மொபெட், ஸ்கூட்டருக்கு 50 சிசி வரம்பு. அதைத் தாண்ட ஆசைப்பட்டவங்களுக்கு மலோசி, போலினி மாதிரி கம்பெனிங்க 70 சிசி கிட் வித்தாங்க. முடிஞ்சுது வரலாறு.

கிட்ல என்ன வரும்? சிலிண்டர் பிளாக், பிஸ்டன், ரிங், பின், கேஸ்கெட். இதை ரீபோரோட குழப்பிக்காதீங்க. தேய்ஞ்ச சிலிண்டரை லேத்ல கொடுத்து கால், அரை மில்லிமீட்டர் கடைஞ்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போடறது ரீபோர். அது வைத்தியம். இது பேராசை.

[திரையில்: மேலிருந்து பார்த்த ஒரு வட்டக் கிணறு]

இப்ப கணக்கு. எனக்கு இந்த வீடியோவுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் பொறுமையா உக்காருங்க. பேர்தான் போர், கணக்கு கிணத்துக் கணக்கு. நம்ம வட ஆர்க்காடு பக்கம் பாலாறு மணலாத்தான் கிடக்கும், விவசாயம் பூரா கிணறுதான். 20 அடி அகலம், 40 அடி ஆழம்னு ஒரு வட்டக் கிணறு இருக்குன்னு வைங்க. அதை 23 அடியா அகலப்படுத்தினா, அதாவது வெறும் 3 அடி, கொள்ளளவு 32 சதவீதம் ஏறுது. அதே அளவு தண்ணிய ஆழமாத் தோண்டிப் பிடிக்கணும்னா 40 அடி கிணறு 53 அடிக்குப் போகணும்! ஏன்னா அகலம் கணக்குல ரெண்டு தடவை பெருகும், ஆழம் ஒரே தடவைதான்.

என்ஜின்லயும் அதேதான். அகலம் போர், ஆழம் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலயும் கீழயும் போய்வர்ற தூரம். பழைய ஆக்டிவாவுக்கு ஸ்ட்ரோக் 55.6 மில்லிமீட்டர். 50-ஐ 50-ஆல பெருக்கினா 2500, 58-ஐ 58-ஆல பெருக்கினா 3364. மூணுல ஒரு பங்குக்கு மேல கூடிடுச்சு. 109 சிசி 147 ஆனது இப்படித்தான். மந்திரமும் இல்ல, மெக்கானிக் கைராசியும் இல்ல.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. நாம இங்க அகலமா வெட்டிக்கிட்டு இருக்கோம். ஹோண்டாவே 2020-ல ஆக்டிவா 6ஜி விட்டப்ப கிணத்தைக் குறுக்கிட்டாங்க! போர் 50-ல இருந்து 47, ஸ்ட்ரோக் 55.6-ல இருந்து 63.1. ஒடுக்கமா, ஆழமா. சிசி அதே 109 சொச்சம். மைலேஜுக்கும், ஊருக்குள்ள குறைஞ்ச வேகத்துல இழுவைக்கும் அது தோதா இருக்கும். அதனால பழைய ஆக்டிவா கிட்டை வாங்கிட்டு வந்து 6ஜி-ல மாட்டச் சொல்லி மெக்கானிக் உயிரை எடுக்காதீங்க. உக்காராது.

சரி, கிணறு பெருசாச்சு. தண்ணி? இதை காட்பாடி பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். ஸ்பேனரைக் கீழ வைக்காமலே சொன்னாரு: "தம்பி, கிணத்த அகலமா வெட்டிக்கினு, ஒரு இன்ச்சு பைப்பையே தொங்க வுட்டா இன்னா பிரயோஜனம்?" அதான் விஷயம். காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற வால்வு அதே சைஸ், அது ரெண்டையும் கலக்கற கார்புரேட்டர் அதே சைஸ். கீழ் வேகத்துல இழுவை நல்லாக் கூடும், மேல போகப்போக மூச்சு முட்டும்.

நண்பன் வண்டியில ரெண்டு பேரா ஏலகிரி ஏறிப் பாத்தோம். 14 கொண்டை ஊசி வளைவு, எல்லாத்துக்கும் புலவர், வள்ளல் பேரு. வள்ளல் பேரு வச்ச வளைவுல வண்டியும் டார்க்கை, அதாவது இழுவையை, வாரி வழங்குச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதே வண்டி பெங்களூரு ஹைவேல வந்ததும் பழைய ஆக்டிவாவாட்டமே முனகுது. டாப் ஸ்பீடை முடிவு பண்றதுல வேகத்துக்கு ஏத்தபடி கியரை மாத்தற வேரியேட்டர், பெல்ட், பின்னாடி இருக்கற கியர் எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. சிலிண்டர் மட்டும் மாத்தினா அதுங்க மாறிடுமா?

அடுத்தது யாரும் யூடியூப்ல சொல்லாத கணக்கு. கம்ப்ரஷன், அதாவது உள்ள வந்த காத்தை பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குதுங்கறது. ஒரிஜினல் 9.5-னு வைங்க. அப்ப ஹெட்ல, அதாவது சிலிண்டர் மூடியில, பிஸ்டனுக்கு மேல மிச்சமிருக்கற இடம் சுமார் 12.8 சிசி. அந்த இடத்தைத் தொடாம 147 சிசி காத்தை அதுக்குள்ள அமுக்கினா கம்ப்ரஷன் 12.4-க்குப் போயிடும். சாதா பெட்ரோல் அதைத் தாங்காம தானாவே வெடிக்கும், அதான் நாக்கிங். பிஸ்டன் தலையில ஓட்டை விழற வரைக்கும் கொண்டுபோய் விடும். நல்ல கிட்ல பிஸ்டன் தலையைக் குழிவா கொடுத்திருப்பாங்க, இல்லன்னா ஹெட்டைக் கடையணும். வாங்கும்போது பிஸ்டனைத் திருப்பிப் பாருங்க.

அப்புறம் சுவர். கிணத்தை அகலப்படுத்தினா பக்கத்துச் சுவர் இளகும் இல்லையா? இங்கயும் நாலு ஸ்டட் போல்ட்டுக்கு நடுவுலதான் சிலிண்டர் நிக்கணும். போர் ஏற ஏற ஸ்லீவ், அதாவது சிலிண்டரோட உள்சுவர், மெலிசாகும், சூட்டுல லேசா நெளியும், ரிங் ஒட்டாது, ஆயில் குடிக்கும், நீலப் புகை. பெரிய கிட்டுக்கு, சிலிண்டர் உக்கார்ற அடிப்பெட்டியான கிராங்க்கேஸ் வாயையும் கடையணும். அதைக் கடைஞ்சிட்டா திரும்பப் பழையபடி ஆக்கறது கஷ்டம்.

சூடுன்னதும் நம்ம ஊர் ஞாபகம் வருது. இந்த என்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, கிராங்க் மேல சுத்தற ஒரு ஃபேன்தான். எரியற பெட்ரோல் கூடுது, ஃபேன் அதே ஃபேன். அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நமக்கே ஹெட் கேஸ்கெட் போயிடும், அது பாவம் என்ன பண்ணும்? கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற துளையான ஜெட்டை மாத்தாம, கலவை லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா ஓடினா இன்னும் மோசம். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நுனி இளம் பழுப்பா இருந்தா நிம்மதி, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருந்தா வண்டியை ஓரம் கட்டுங்க. பிஎஸ்6 வண்டியில ஜெட்டே கிடையாது, பெட்ரோல் அளவை முடிவு பண்ற குட்டி கம்ப்யூட்டரான ஈசியூவைத் தொடணும். செலவு அங்கதான் குட்டி போடும்.

போலீஸ் விஷயம் ஒரு வரி: ஆர்சி-ல இருக்கற சிசி ஒண்ணு, வண்டியில இருக்கறது ஒண்ணுன்னா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டுமே. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் இதைத்தான் முதல்ல தோண்டுவான். ரோட்ல ஓட்ட நான் சொல்லவே மாட்டேன்.

என்னைக் கேட்டா, 147 ஆசை உள்ளவங்க அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்து செகண்ட் ஹேண்ட்ல 150 வண்டி எடுத்துக்கலாம். நண்பன் கேக்கல. மே மாசம் நீலப் புகை விட்டுக்கிட்டு அண்ணன் கடைக்கே தள்ளிக்கிட்டு வந்தான். இப்ப ஒரிஜினல் 50 சிலிண்டர் திரும்ப ஏறிடுச்சு. அவங்க அப்பா மட்டும் இன்னும் விடல, "தண்ணி வந்துச்சாடா?"ன்னு தினம் கேக்கறாராம்.

உங்க வண்டி சிசி எனக்கு வேணாம். உங்க ஊர்க் கிணறு எத்தனை அடி அகலம், எத்தனை அடி ஆழம்னு கமெண்ட்ல போடுங்க, கொள்ளளவு நான் போட்டுத் தரேன்.