புளியங்கொட்டை எங்கே போகிறது?

[காட்சி: வீட்டுத் திண்ணை. சாக்கு நிறைய புளி, தட்டும் கைகள்.]

வணக்கம். இந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மாசி, பங்குனியில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் திண்ணைக்குத் திண்ணை இதே வேலைதான். ஓடு நீக்கிய புளியைக் கல்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, பிளந்த இடத்தில் கட்டைவிரலை விட்டுக் கொட்டையைப் பிதுக்கி, நாரை உருவிப் போடுகிறார்கள், காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை. கூலி கிலோ கணக்கு. புளிப்பு ஏறி விரல் நுனி வெடித்துப் போயிருக்கும், அந்தக் கையால்தான் சோறும் பிசைய வேண்டும்.

சரி, இதில் புதுமைக்கு எங்கே இடம்?

ஷும்பீட்டர் என்று ஒரு பொருளாதார அறிஞர் 1911லேயே சொன்னது இது: தொழில்முனைவோர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருப்பதை வேறு விதமாகச் சேர்த்தால் போதும். புதுப் பொருளாக இருக்கலாம், புது முறை, புதுச் சந்தை, மூலப்பொருள் கிடைக்கும் புது வழி, இல்லை வேலையைப் புது மாதிரி ஒழுங்கு செய்வது. இதைப் புளிக்குப் பொருத்திப் பாருங்கள். புதுப்புளி பொன்னிறமாக இருக்கும், வெளியில் வைத்தால் கருத்துவிடும், குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். அறுவடை நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் ஆறு மாதம் காத்திருக்க முடிகிறது என்றால், அதுவே ஒரு புது முறைதான்.

[காட்சி: ஓரமாகக் குவிந்த கொட்டை.]

எனக்கு இந்தக் குவியல்மேல்தான் கண். ஒரு புளியம்பழத்தில் சதை ஏறக்குறைய 55 சதவீதம் என்றால், கொட்டை 34 சதவீதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு! இதை வறுத்து, தோல் நீக்கி, மாவாக அரைத்தால் நெசவு நூலுக்குக் கஞ்சி போட, துணியில் சாயம் அச்சடிக்கப் பயன்படுகிறது. கொட்டையை மூட்டையாக விற்றுவிட்டால் வறுக்கிற கூலி, அரைக்கிற கூலி, லாபம் எல்லாமே மில் இருக்கிற ஊருக்குப் போய்விடுகிறது.

மாம்பழத்திலும் இதே கதைதான். கிருஷ்ணகிரியில் விளையும் பெங்களூரா ரக மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று யோசித்தது பெரிய விஷயம். ஆனால் காய்ப்பு அதிகமான வருடத்தில் ஆலை சொல்கிற விலைதான் தோட்டக்காரருக்கு விலை. புதுமை ஊருக்குள் வந்துவிட்டது, விவசாயியின் கைக்கு இன்னும் வரவில்லை. அதனால் நான் முதலில் பார்ப்பது மெஷினை இல்லை, அது யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான்.

பணத்துக்கு வழியே இல்லாமல் இல்லை. சிறிய உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020ல் கொண்டுவந்த திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீத மானியம் அறிவித்தார்கள், தனிநபர் தொழிலுக்கு உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். இப்போது என்ன நிலவரம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தனியாகப் போவதைவிட மகளிர் குழுவாகப் போவது நல்லது. திண்ணையில் தட்டுகிற பத்துப் பேரும் சேர்ந்து கொட்டை எடுத்த புளியை அரைக் கிலோ பொட்டலமாக, தங்கள் ஊர்ப் பெயரோடு விற்றால், கிலோ கூலியை இன்னொருவர் முடிவு செய்ய முடியாது இல்லையா?

அடுத்த வீடியோவில் கொட்டை அரைக்கும் மில்லுக்குள் போகலாம். அதற்குள் உங்கள் ஊர்ப் புளி மண்டியில் ஒன்று விசாரித்து வையுங்கள்: கொட்டை மூட்டை என்ன விலைக்குப் போகிறது, எந்த ஊருக்கு ஏற்றுகிறார்கள்?