உணவுத் தாளில் திகதி உண்டா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருடைய வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ மருந்துப் பையிலோ ஒரு தாள் இருக்கும். சீனி வருத்தம் உள்ள அப்பாவுக்கோ, கிட்னி வருத்தம் உள்ள மாமிக்கோ கிளினிக்கில் கொடுத்தது. எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று இரண்டு நிரை. போட்டோக்கொப்பிக்கு மேல் போட்டோக்கொப்பி எடுத்து எழுத்து மங்கியிருக்கும். அந்தத் தாளின் மூலையில், அதை எழுதிய திகதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

இன்று பேச வந்தது உணவியலாளர்களின் தொடர்கல்வி பற்றி. அதாவது, பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்த பிறகு அவர்கள் எதைப் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்பது. அது அவர்கள் பாடு, நமக்கென்ன என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். அவர்கள் படிக்காமல் விட்டது உங்கள் கோப்பையில்தான் வந்து விழுகிறது. மூன்று விஷயம் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒன்று, அறிவுக்குத் திகதி உண்டு. இரண்டு, கைப்பழக்கம். மூன்று, படிப்பிப்பதற்குக் காசு கொடுப்பது யார்.

முதலில் முட்டை. அமெரிக்க உணவு வழிகாட்டியின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில், உணவிலிருந்து வரும் கொலஸ்ரோல் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அடுத்த பதிப்பு 2015இல் தொடங்கும் ஐந்து ஆண்டுகளுக்கானது. அதில் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். எண்ணை எடுத்தார்களே தவிர, முட்டையைக் கணக்கில்லாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நோயாளிக்கு விளங்கப்படுத்துவதுதான் உணவியலாளரின் வேலை. பழைய தாளை வைத்திருப்பவர் இன்னும் மஞ்சள் கருவை எறியச் சொல்வார். தலைப்பை மட்டும் வாசித்தவர் எல்லாம் சாப்பிடலாம் என்பார். இருவருமே படிக்கவில்லை.

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் இருக்கும் வீட்டில் அது காலையிலேயே முடிந்துவிடும், அதை விடுவோம். 2025 ஜனவரியில் அதே நிறுவனம் புதிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பை வீட்டில் பாவிக்கலாம் என்கிறது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், வேறு காரணத்தால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறாதவர்களுக்கும் இது பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லவில்லை. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். சில பிரஷர் மாத்திரைகளும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். இந்த வழிகாட்டியின் முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்ட ஒருவர் கிளினிக்கில் இருந்தால் என்ன நடக்கும்? இரத்தத்தில் பொட்டாசியம் கட்டுமீறினால் இதயத் துடிப்பே குழம்பும். படித்தால் முழுதாகப் படிக்க வேண்டும். அரைகுறைப் படிப்பு, படிக்காததைவிட ஆபத்து.

சிறுநீரக நோயாளியின் புரதக் கணக்கு இன்னும் சிக்கலானது. 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, நோய் முற்றி வந்தாலும் இன்னும் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகாதவர், சீனி வருத்தமும் இல்லாதவர் என்றால், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.55 முதல் 0.6 கிராம் புரதம் போதும் என்கிறது, அதுவும் நெருங்கிய கண்காணிப்பில். 2024இல் வந்த சர்வதேச வழிகாட்டி 0.8 கிராம் என்கிறது. தளர்ந்துபோன முதியவருக்கு அதைவிடக் கூட்டிக் கொடுப்பதையும் யோசிக்கச் சொல்கிறது. 60 கிலோ ஆளுக்கு முதல் கணக்கில் 33 முதல் 36 கிராம், இரண்டாவதில் 48 கிராம். வித்தியாசம் எவ்வளவு? பாரை மீனில் 100 கிராம் சதைக்குச் சுமார் 20 கிராம் புரதம் என்றால், 60, 70 கிராம் அளவில் ஒரு துண்டு மீன். திருகோணமலையில் ஒருவருடைய மத்தியானச் சாப்பாட்டில் அந்த ஒரு துண்டு இருப்பதும் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று நடப்பதுண்டு. நோயாளி இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்கிவிடுவார். அதன்பின் தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது அதே 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஆனால் வீட்டில் ஒட்டியிருப்பது பழைய தாள். தாளில் திகதியும் இல்லை, எந்த நிலைக்கு எழுதியது என்றும் இல்லை. பத்தியம் என்று பெயர், நடப்பது பட்டினி. தசை கரையும், நோயாளி கட்டிலோடு சேர்ந்துவிடுவார். திரும்பவும் சொல்கிறேன், தாளில் திகதி வேண்டும்.

சரி, கைப்பழக்கம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சியை எல்லோருக்கும் தெரியும். அடுப்பிலிருந்து இறக்கும்போது ஓடும், ஆறினால் கட்டியாகும். வாய் வைத்த கரண்டியால் கலக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணியாகும், ஏனென்றால் எச்சிலில் மாச்சத்தை உடைக்கும் நொதியம் இருக்கிறது. சுகமாக இருப்பவருக்கு இதனால் ஒன்றுமில்லை. பாரிசவாதம் வந்து விழுங்குவது கெட்டுப்போனவருக்கு இதுவே உயிர்ப் பிரச்சினை. தண்ணியானது மூச்சுக் குழாய்க்குள் போனால் நியூமோனியா வரும்.

இவர்களுடைய உணவுக்கும் பானத்துக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. பூச்சியத்திலிருந்து ஏழு வரை எட்டு நிலைகள். இப்போது பாவனையில் இருப்பது 2019இல் திருத்தியது. எந்த நிலை என்பதைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் வைத்தியரும் தீர்மானிப்பார்கள். அந்த நிலையில்தான் கோப்பை வருகிறதா என்று பார்ப்பது உணவியலாளரின் பொறுப்பு. அதற்கான கருவி வெறும் 10 மில்லிலீற்றர் ஊசிக் குழல். உள்தண்டை இழுத்து எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, பானத்தைப் பத்தாவது கோடு வரை நிரப்ப வேண்டும். விரலை எடுத்துப் பத்து வினாடி ஓடவிட்டு, திரும்ப அடைக்க வேண்டும். உள்ளே மிஞ்சுவது 1 மில்லிலீற்றருக்குக் குறைவென்றால் வெறும் தண்ணீர் நிலை. 1 முதல் 4 வரை என்றால் முதலாம் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8க்கு மேல் நின்றாலும் கொஞ்சமாவது ஓடினால் மூன்றாம் நிலை. ஒன்றுமே ஓடாவிட்டால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, கரண்டியைச் சரித்துப் பார்க்கும் சோதனைக்குப் போக வேண்டும்.

கேட்க இலேசாக இருக்கிறது அல்லவா? பிழைக்கும் இடங்களைச் சொல்கிறேன். பூச்சியக் கோட்டிலிருந்து பத்தாவது கோடு வரை குழலின் நீளம் 61.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வேறு கம்பனிக் குழலில் நீளம் மாறும், விடையும் மாறும். ஆகவே அடிமட்டம் வைத்து அளந்த பிறகுதான் அதை நம்பலாம். அடுத்தது சூடு. சமையலறையில் கொதிக்கக் கொதிக்கச் சோதித்துவிட்டு வாட்டில் ஆறியதைக் கொடுத்தால், சோதித்தது ஒன்று, கொடுத்தது ஒன்று. பரிமாறும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். மூன்றாவது, சோற்றுப் பருக்கை. அது முனையை அடைத்துக்கொண்டால், ஓடாமல் நிற்பதைப் பார்த்து, நல்ல தடிப்பு என்று எழுதிவிடுவோம். உண்மையில் அது தண்ணிக்குள் பருக்கை மிதக்கும் கஞ்சி, விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஆகக் கூடாதது அதுதான். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு காலத்தில் வீட்டுக்கு வீடு கஞ்சி வரும். ஆசையாகக் கேட்கும் வாப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்வதை எழுத ஒரு வரி போதும். அதைக் கட்டியில்லாமல் அரைத்து, வடித்து, அவருடைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று காட்டுவதற்குத்தான் பயிற்சி தேவை. இன்னொன்று, எச்சில் விஷயம். முழுக் கோப்பையிலிருந்து அரை மணித்தியாலம் ஊட்டினால் கடைசிப் பாதி தண்ணியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு சிறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் கொழும்பில் திரையில் படம் பார்த்துப் படிக்கலாம். ஆனால் கையில் குழலைப் பிடித்து, விரலை எடுத்து, வழிந்ததைத் துடைத்து, மூன்று தரம் செய்தும் மூன்று விடை வந்தது ஏன் என்று தலையைச் சொறிந்தால்தான் பதியும். சோற்றுக்கும் இதே கதைதான். சமைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் அளவில் மாச்சத்து. உணவுக் கணக்கில் ஒரு பங்கு என்பது 15 கிராம் மாச்சத்து. எங்கள் கோப்பையில் 300 கிராம் சோறு சாதாரணம், அதுவே ஐந்து பங்கைத் தாண்டும். பிட்டுக்கு யார் கணக்குச் சொல்வது? தேங்காய்ப்பூ கூடினால் மா குறையும். தராசில் வைத்துப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

உணவியலாளர் இவ்வளவு படிக்க வேண்டும் என்ற விதி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு 75 தொடர்கல்வி அலகு, அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 30 மணித்தியாலம். பிரித்தானியாவில் மணிக்கணக்கே கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது நூற்றுக்கு 2.5 பேரைக் குருட்டுவாக்கில் தெரிந்தெடுத்து, படித்ததால் நோயாளிக்கு என்ன நன்மை என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்கு அந்த முறை பிடிக்கும். கதிரையில் உட்கார்ந்த மணித்தியாலத்தை எண்ணி என்ன பயன்?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். அரை நாள் கருத்தரங்குக்குப் போய்வர இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் கிளினிக் இல்லை. ஆகவே இங்கேயே செய்யலாம். மாதம் ஒரு மணித்தியாலம், கந்தளாய், மூதூர், கிண்ணியாவில் இருப்பவர்களைக் கைபேசியில் இணைத்துக்கொண்டு. கால் மணி ஒரு நோயாளியின் விபரம், பெயர் இல்லாமல். கால் மணி ஒரு வழிகாட்டியின் ஒரே ஒரு அத்தியாயம். மிச்ச அரை மணி தராசு, குழல், சமையலறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நோயாளிகளின் கிளினிக் கொப்பிகளை எடுத்து நான்கு கேள்வி: நிறை எழுதியிருக்கிறதா, இலக்கு எண்ணில் இருக்கிறதா, அடுத்த வருகை எப்போது, போன தடவை சொன்னது நடந்ததா? பெரும்பாலும் வழுக்குவது இரண்டாவதில். ‘உணவைக் கட்டுப்படுத்தவும்’ என்று எழுதுவது இலக்கு இல்லை. ‘இரவுச் சோற்றை 150 கிராமாக்கவும்’ என்பது இலக்கு.

கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலவசக் கருத்தரங்கு, நல்ல சாப்பாடு, கையில் ஒரு பை, பையில் ஒரு பால்மா டின். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பது பற்றிய சர்வதேசக் கோவை 1981இலேயே வந்துவிட்டது. 2016இல் உலக சுகாதார மாநாட்டுக்கு வந்த வழிகாட்டல், குழந்தை உணவுக் கம்பனிகள் சுகாதாரத் துறையினரின் கூட்டங்களுக்கு அனுசரணை கொடுக்கக் கூடாது என்கிறது. உணவியலாளர்களே, அழைப்பிதழில் அனுசரணையாளர் பெயரை முதலில் பாருங்கள், பேச்சாளர் பெயரைப் பிறகு பாருங்கள். இணையவழிப் பாடநெறி என்றால், கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். சான்றிதழ் மட்டும் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் விடவில்லை.

நன்றி, வணக்கம்.