நகரத்துக்குள்ளே ஒரு மலைக்குடில்

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், இடம் நிறையவே இருக்கிறது.

தோக்கியோவில் ஒரு தேநீர் வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கூட்டமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அங்கிருந்து எழுந்து வந்த நாளிலிருந்து அதைப் பற்றியே தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஷிம்பாஷி ஸ்டேஷனில் காலை எட்டரை மணிக்கு இறங்கினால் கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டுவிடும். அங்கிருந்து கால் மணி நேரம் நடை. ஷியோதோமேயின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே போய், பெரிய சாலையைத் தாண்டி, அகழிமேல் ஒரு பாலத்தைக் கடந்தால் ஹமாரிக்யூ தோட்டம். அந்தக் காலத்தில் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான தோகுகாவா ஷோகன்களின் கடலோர மாளிகைத் தோட்டமாக இருந்தது, பிறகு அரச குடும்பத்துக்குப் போனது, 1946-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நுழைவுக்கட்டணம் 300 யென். நடுவில் ஒரு பெரிய குளம், அதில் இருப்பது கடல் தண்ணீர். மதகு வைத்து விரிகுடாத் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள், அதனால் குளத்துக்கும் ஏற்றமும் வற்றமும் உண்டு, மடவை மீன் துள்ளுகிறது. அந்தக் குளத்தின் நடுவில், மரப்பாலத்தில் நடந்து போய்ச் சேர்கிற மாதிரி, நகாஜிமா தேநீர் வீடு.

முதலில் 1707-ல் கட்டியது. 1879-ல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கிராண்ட் இங்கேதான் மெய்ஜி பேரரசரோடு உட்கார்ந்து பேசினார். உலகப் போரில் எரிந்துபோனது. இப்போது நாம் உட்காருவது 1983-ல் திரும்பக் கட்டிய வீட்டில். "அப்படியானால் அசல் இல்லையே" என்று கூட வந்த நண்பர் சொன்னார், எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. எரிந்த இடத்தில் அதே வீட்டை மறுபடி எழுப்பி அதே தேநீரைக் கொடுக்கிறார்கள் என்றால் அதற்கும் ஒரு பிடிவாதம் வேண்டும் இல்லையா?

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்த் தரையில் உட்காருகிறோம். பரிமாறும் அம்மா குனிந்து வணங்கி, முதலில் ஒரு சிறு இனிப்பை வைக்கிறார். பயறு விழுதில் பூ மாதிரி பிடித்தது, வெட்டிச் சாப்பிட ஒரு மரக்குச்சி. இனிப்பைத் தேநீரோடு சேர்த்துக் கடித்துக்கொள்ளக் கூடாது, முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து வருகிற மாச்சா, அதாவது பச்சைத் தேயிலைப் பொடியில் அடித்த தேநீர், கசக்கும், அந்தக் கசப்பு இனித்த நாக்கில் விழும்போதுதான் பச்சை இலையின் வாசனையே தெரியும். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் கொஞ்சம் திருப்ப வேண்டும். கிண்ணத்தின் அழகான முகத்தை நம் பக்கம் பார்க்க வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அந்த முகத்தில் வாய் வைக்காமல் இருப்பதற்காக இந்தத் திருப்பல். கடைசி மடக்கை மட்டும் சத்தம் வருகிற மாதிரி உறிஞ்ச வேண்டும். குடித்து முடித்தேன் என்று கொடுத்தவருக்குச் சொல்லும் மரியாதை அது.

இவ்வளவு நேரமும் வெளிச் சத்தம் நின்றுவிடவில்லை. பக்கத்து விரைவுச்சாலையின் இரைச்சல் லேசாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, குளத்தில் அலுவலகக் கட்டடங்களின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மனசு அடங்கியிருந்தது. எப்படி என்றுதான் பிறகு படிக்க ஆரம்பித்தேன்.

இந்தத் தேநீர் முறையை மலையில் தனித்திருந்த துறவிகள் மட்டும் உண்டாக்கினார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஜென் மடங்களுக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் அதற்கு இன்றைய வடிவம் கொடுத்ததில் பெரிய பங்கு சகாய் என்ற துறைமுகத்தின் வியாபாரிகளுக்கு. கப்பலும் சரக்கும் துப்பாக்கிப் பட்டறையுமாக இரைந்துகொண்டிருந்த ஊர் அது. இந்தத் தேநீர் முறையின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூ அந்த ஊர் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அந்த வியாபாரிகள் தங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டார்கள், அதற்கு 'ஷிச்சூ நோ சங்க்யோ' என்று ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள். நகரத்துக்குள்ளே மலைக்குடில் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஜப்பானில் பல வருஷம் வாழ்ந்த ரொட்ரிகெஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியாரே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஆக, இந்த அமைதி நகரத்துக்காரர்கள் தங்களுக்காகவே கையால் செய்துகொண்டது.

எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். கியோத்தோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் யமசாகியில் தாய்-ஆன் என்று ஒரு தேநீர் அறை இருக்கிறது, ரிக்யூவினுடையது என்று சொல்லப்படுவதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். உட்காரும் இடம் வெறும் இரண்டு பாய் அகலம். இந்த மாதிரி அறைக்கு வாசல் சுமார் 66 சென்டிமீட்டர் உயரம்தான், மண்டியிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். சாமுராய் வாளை வெளியே மாட்டிவிட்டு வர வேண்டும், எந்தப் பிரபுவும் தலை குனிய வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் தாத்தா "நிலை இடிக்கும், குனிந்து வா" என்பாரே, அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். உடம்பு மெதுவானால் மனசும் கூடவே மெதுவாகிறது. அப்புறம் இன்னொன்று, கொதிகெண்டியின் அடியில் உள்ளே சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை ஒட்டி வைக்கிறார்கள், தண்ணீர் சூடாகும்போது ஒரு ஓசை எழுவதற்காக. பைன் மரங்களில் காற்று என்று அதற்குப் பெயர். எந்தச் சத்தம் காதில் விழ வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி கின்ஸா பக்கம் ஒரு சந்தில், ஆறு பேர் மட்டும் உட்காரக்கூடிய இடத்தில், தேநீர் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டோம். கைசெகி என்பார்கள். மடியில் கட்டிய கல் என்று அந்த எழுத்துக்குப் பொருள், பசி தெரியாமல் இருக்கத் துறவிகள் சூடான கல்லை வயிற்றோடு கட்டிக்கொண்டார்களாம். கெட்டியான தேநீரை வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது என்பதற்காக முன்னால் கொடுக்கிற எளிய சாப்பாடு இது. அதே ஒலியில் வேறு எழுத்தில் எழுதும் கைசெகி வேறு, அது மது விருந்து. சைவக்காரர்கள் ஒன்று கவனியுங்கள், காய்கறி வேகவைக்கிற ரசத்தில்கூட பெரும்பாலும் உலர்த்திய சூரை மீன் இறங்கியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சிறு கை அளவு சோறு, மிசோ சூப், ஒரு துண்டு மீன். சோறு ஒட்டாமல் இருக்க, சாப்பிடக் கொடுத்த தேவதாருக் குச்சிகளை நனைத்து வைத்திருந்தார்கள். கடைசியில் வந்ததுதான் என்னைக் கலக்கிவிட்டது. சோற்றுப் பானையின் காந்தலில் வெந்நீர் ஊற்றி, லேசாக உப்புப் போட்டு ஒரு கெண்டியில் கொண்டுவந்தார்கள். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் சேர்த்துக் குடித்து, கிண்ணத்தை நாமே துடைத்து வைக்க வேண்டும். என் பாட்டி காந்தலைச் சுரண்டி எங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார், அந்த வாசனை அப்படியே வந்தது.

பிறகு அந்த வீட்டு அம்மா ஒன்று கற்றுக்கொடுத்தார். தட்டின் விளிம்பில் வைத்த குச்சிகளை எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுக்குள் விழவிட வேண்டும், சமையல்கட்டில் இருப்பவருக்கு அந்தச் சத்தம்தான் செய்தி. நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டக். உள்ளேயிருந்து கதவு மெதுவாக நகர்ந்தது.