பச்சையாக இருந்தால் மரகதமா? வேரிசைட் கல்லின் கதை

[காட்சி: கொழும்பு செட்டியார் தெரு. உள்ளங்கையில் ஒரு பச்சைக்கல் மோதிரம்.]

வணக்கம். இந்த மோதிரம் என் பெரியம்மாவுடையது. டர்க்கைஸ் என்பது வழக்கமாக நீலமாக இருக்கும் ஒரு கல், இதைப் "பச்சை டர்க்கைஸ்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்த சாத்திரியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதனுக்கு மரகதத்துக்குப் பதிலாக இதையே போடலாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். இது இரண்டும் இல்லை. இது வேரிசைட்.

நல்ல மரகதம் கண்ணாடிபோல ஒளியை உள்ளே விடும். இதற்குப் பின்னால் போன் டோர்ச்சைப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், மேலே மெழுகு பூசியது போல ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான்.

[காட்சி: டர்க்கைஸும் வேரிசைட்டும் பக்கத்தில் பக்கத்தில்]

டர்க்கைஸோடு உறவு உண்டு, அது உண்மை. இரண்டுமே தண்ணீரைத் தம் அமைப்புக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும் அலுமினிய பொஸ்பேட் கனிமங்கள். டர்க்கைஸில் கூடவே செப்பு இருக்கிறது, அந்த நீலம் அதனால் வருவது. வேரிசைட்டின் பச்சைக்குக் காரணம் துளியளவு குரோமியமும் வனேடியமும். மரகதத்தைப் பச்சையாக்குவதும் இதே இரண்டும்தான், ஆகவே சாத்திரியாரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது!

பெயர் வைத்தது 1837இல். ஜெர்மனியின் ஃபோக்ட்லாண்ட் பகுதிக்கு லத்தீனில் வாரிஸ்கியா என்று ஒரு பழைய பெயர், அதிலிருந்து எடுத்தார்கள். ஆனால் கல்லின் கதை அதைவிட எவ்வளவோ பழையது. ஸ்பெயினில் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் கவா என்ற ஊர் இருக்கிறது, அங்கே சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன், இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், கல் ஆயுதங்களால் நிலத்துக்கடியில் சுரங்கம் குடைந்து இந்தப் பச்சையைத் தேடியிருக்கிறார்கள். பிரான்சின் கார்னாக் பக்கத்துப் புதைமேடுகளிலும் வேரிசைட் மணிகள் கிடைத்தன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, ஸ்பெயின் பக்கமிருந்து போனவை. செத்தவர்களோடு வைத்துப் புதைக்கும் அளவுக்கு மதிப்பு.

இப்போது இதை வைத்திருந்தால் மனம் அமைதியாகும், நித்திரை வரும் என்று விற்கிறார்கள். சரி, நம்புவது உங்கள் விருப்பம். நவரத்தினத்தில் இதற்கு இடமில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு காசைக் கொடுங்கள்.

[காட்சி: கல்லின் மேல் கீறல்கள், மிக அருகில்]

கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இதன் கடினம் 3.5 முதல் 4.5 வரை. டர்க்கைஸ் 5 முதல் 6, நம்முடைய இரத்தினபுரி நீலம் 9. தெருத்தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலே 7, ஆகவே காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். நுண்துளைகள் வழியாக வியர்வை, எண்ணெய், வாசனைத் திரவியம் எல்லாம் உள்ளே போய் நிறமும் மங்கும். கொழும்பு வெயிலில் வியர்க்காமல் யார் இருக்கிறார்கள்? பெரியம்மா இதைப் போட்டுக்கொண்டே சட்டி பானையெல்லாம் தேய்த்திருக்கிறார்.

மோதிரத்தைவிடப் பதக்கம் இதற்குப் பாதுகாப்பு. வரும் கிழமை கல்லைக் கழற்றிப் பதக்கத்தில் பதிக்கக் கொடுக்கப்போகிறோம். சாத்திரியாரிடம் இன்னும் சொல்லவில்லை.