அரண்டவனை அரள வைத்தது யார்?

நடுவர் அவர்களே, போயா விடுமுறை நாளிலும் வெள்ளவத்தைக்கு வந்து அமர்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

கற்பனை உலகப் பாத்திர ஆட்டங்களில் ஆட்டக்காரர்கள் எதையும் யாரையும் நம்பாமல் போவதற்குக் காரணம் ஆட்டக்காரர்களா, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரா என்பதுதான் தலைப்பு. மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. உலகத்தையும் அதிலுள்ள பொறிகள், மிருகங்கள், மற்ற மனிதர்களையும் வாயால் சொல்லி நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர். அவரே, அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் டிஎம்மே, காரணம் என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணித் தலைவர் "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று தொடங்கினார். ஆட்டக்காரரின் மனமே பேயை உண்டாக்குகிறது என்றார். நடுவர் அவர்களே, இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரருக்குச் சொந்தமாகக் கண்ணே கிடையாது. டிஎம் வாயால் சொல்வதுதான் அவருக்குக் காட்சி. கொழும்பின் காலி வீதியைக் கடக்கிற மனிதர் பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது, வேகம் குறைகிறதா என்று பார்த்துத்தான் காலை வைக்கிறார். அவருடைய கண்ணைக் கட்டி நிறுத்திவிட்டு, "ஏன் இப்படிப் பயப்படுகிறாய்?" என்று கேட்பது நியாயமா?

பயம் எங்கிருந்து வந்தது என்று வரலாற்றைப் பார்ப்போம். இவ்வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. கதவைத் திறக்கும் முன் காதை வைத்துக் கேட்பது நல்ல தந்திரம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1977இல் வெளிவந்த அதன் மிருகப் புத்தகமான மான்ஸ்டர் மானுவலில் அப்படிக் கேட்கிறவரின் காதுக்குள் புகுவதற்கென்றே மரக்கதவில் வாழும் பூச்சி ஒன்று இருக்கிறது. பெட்டியாக நடிக்கும் மிமிக், கூரையாக நடிக்கும் ஒன்று, தரையாக நடிக்கும் ஒன்று, எல்லாம் அதே புத்தகத்தில். கவனமாக இருந்ததற்கே தண்டனை கொடுத்தால், ஆட்டக்காரர் கவனத்தைக் குறைப்பாரா, கூட்டுவாரா? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. சூடு வைத்த கை யாருடையது என்பதே இன்றைய வழக்கு.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய, பொறிகள் நிறைந்த கல்லறைச் சாகசமான டூம் ஒஃப் ஹொரர்ஸைக் காட்டி, "பழைய ஆட்டக்காரர் அதையே தாங்கினார்களே" என்றார். சுவரில் பச்சைப் பேய்முகம், அதன் திறந்த வாய்க்குள் தொட்டதையெல்லாம் இல்லாமலாக்கும் கருங்கோளம். கடுமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது 1975இல் ஒரிஜின்ஸ் என்ற ஆட்ட மாநாட்டுப் போட்டிக்காக வைத்த சோதனை, 1978இல்தான் புத்தகமானது. ஒரு நாள் போட்டிப் பாத்திரம் செத்தால் போட்டி முடியும், அவ்வளவுதான். மாதாமாதம் கூடி இரண்டு வருடம் வளர்த்த பாத்திரத்தை அதே அளவுகோலால் அளக்கலாமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சந்தேகம் ஒரு கணக்கு. சோதிப்பதற்கு என்ன விலை, நம்புவதற்கு என்ன விலை என்று ஒவ்வோர் ஆட்டக்காரரும் மனதுக்குள் கணக்குப் போடுகிறார். இரண்டு விலைகளையும் வைப்பது டிஎம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு பேசிக் விதிகளில் சோதிப்பதற்கு விலை இருந்தது. பத்தடிக்குப் பத்தடி இடத்தைத் தேட ஒரு சுற்று, அதாவது 10 நிமிடம். தீப்பந்தம் 6 சுற்றில் அணைந்துவிடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டிஎம் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் அலைந்து திரியும் மிருகம் ஒன்று வரும். ஆறு சுற்று தேடினால் மூன்று உருட்டல். ஒருமுறையாவது மிருகம் வருவதற்கு 216இல் 91 வாய்ப்பு, ஏறக்குறைய 42 வீதம். ஆகவே "இந்த மூலையையும் தேடவா, போவோமா" என்பது உண்மையான கேள்வியாக இருந்தது.

இன்றைய மேசைகள் பலவற்றில் என்ன நடக்கிறது? தீப்பந்தத்தை யாரும் எண்ணுவதில்லை, மிருகப் பகடையும் இல்லை. பொறிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. தேடுவது இலவசம், தேடாமல் விட்டால் சாவு. இந்த விலைக்கு யார்தான் தேடாமல் விடுவார்? ஒரு கதவுக்குக் கேள், பார், பொறி தேடு, பூட்டை ஆராய், கோலால் தள்ளு என்று ஐந்து படி. எட்டுக் கதவுக்கு நாற்பது. படிக்கு இரண்டு நிமிடம் என்றால் நான்கு மணி நேர ஆட்டத்தில் எண்பது நிமிடம் கதவுகளோடு போய்விடும். இது ஆட்டக்காரரின் மனநோய் என்றால் நான் ஏற்கமாட்டேன். விலை தவறாக வைத்த கடையில் வாங்குகிறவர் சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

அடுத்தது பகடை செய்யும் கேடு. அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், பகடையில் விழுவதோடு 5ஐக் கூட்டித் தரும் கூர்நோக்குத் திறன் உள்ள பாத்திரம், கண்டுபிடிக்க மொத்தம் 15 வேண்டும் என்று வைத்த பொறியைத் தேடுகிறது. இருபது முகப் பகடையில் 10 அல்லது மேல் விழ வேண்டும், 55 வீதம். ஆட்டக்காரர் கண்முன்னே 3 விழுகிறது. டிஎம் "ஒன்றும் தெரியவில்லை" என்கிறார். அந்தச் சொல்லுக்கு இப்போது பெறுமதி என்ன? பாம்பென்று தாண்டவும் முடியாது, பழுதையென்று மிதிக்கவும் முடியாது. அதனால் இரண்டாமவர் உருட்டுகிறார், பிறகு மூன்றாமவர்.

இதற்கு மருந்து உண்டு, அதுவும் டிஎம்மின் கையில். பொறி இருக்கிறது என்பதைப் பகடைக்கு விடாமல் அடையாளத்தோடு சொல்லிவிட வேண்டும்: சுவரில் கருகிய தடம், தரையில் அரைவட்டக் கீறல், ஒரு கல் மட்டும் தேயாமல் புதிதாக இருப்பது. அதற்குப் பிறகு கேள்வி "இருக்கிறதா" என்பதல்ல, "எப்படிக் கடப்பது" என்பது. அங்கேதான் ஆட்டம் இருக்கிறது! பகடைதான் வேண்டுமென்றால் குழுவுக்கு ஓர் உருட்டல், தோற்றால் நேரம் போகும் என்று முதலே சொல்லிவிட்டு உருட்ட வேண்டும்.

ஆட்டக்காரர் எதையாவது செய்யப் போகிறேன் என்றதும் பல டிஎம்மார் சொல்லும் இன்னொரு சொல் இருக்கிறது: "நிச்சயமாகவா?" தகவல் எதுவும் இல்லாமல் அச்சத்தை மட்டும் தரும் சொல் அது. அதற்குப் பதிலாக, "கீழே 40 அடி, விழுந்தால் நான்கு ஆறுமுகப் பகடைச் சேதம், சராசரி 14, உன்னிடம் இருப்பது 8 உயிர்ப்புள்ளி" என்று சொன்னால் போதும். குதிப்பதும் குதிக்காததும் பிறகு ஆட்டக்காரரின் சொந்த முடிவாகிவிடும்.

மனிதப் பாத்திரங்களுக்கு வருவோம். சத்திரக்காரர் துரோகி, வழிகாட்டி துரோகி, வேலை கொடுத்த பிரபுவும் துரோகி. ஆட்டக்காரருடைய பாத்திரத்தின் தங்கையை டிஎம் கதைக்காகக் கடத்துகிறார், தாயை எரிக்கிறார். அடுத்த ஆட்டத்துக்கு எல்லோரும் அநாதைகளாக வருகிறார்கள். ஊரில்லை, உறவில்லை, கடனில்லை. இழப்பதற்கு எதையும் கொண்டுவராதே என்று கற்றுக்கொடுத்தவர் டிஎம் அல்லவா?

எங்கள் அணி துரோகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. "துரோகம் இல்லையென்றால் விறுவிறுப்பு எங்கே?" என்று எதிரணி கேட்டது. பத்துப் பேரில் ஒன்பது பேர் வாக்குக் காப்பாற்றும் உலகில்தான் பத்தாமவரின் துரோகம் சுடும். அந்தப் பத்தாமவருக்கும் மூன்று தடயங்களை முன்பே வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றொன்று கையில் கிடைக்கும். உண்மை வெளியாகும்போது "அட, அன்றைக்கே தெரிந்ததே" என்று ஆட்டக்காரர் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். "இந்த டிஎம் இப்படித்தான்" என்றால் துரோகம் செய்தவர் பாத்திரமல்ல, டிஎம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேறு மேசையில் பட்ட சூட்டோடு வரும் ஆட்டக்காரர் உண்டு. அந்தச் சூடு இந்த டிஎம் வைத்ததல்ல. அப்படிப்பட்டவர் தூணைத் தட்டிப் பார்க்கும்போது, "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று நேராகக் கேட்கலாம். "தூண் சரியும் என்று" என்பார். "கட்டட வேலை தெரிந்த உன் குள்ளப் பாத்திரத்துக்கு இது உறுதியான தூண் என்று தெரியும்" என்று பகடை இல்லாமல் சொல்லிவிடலாம். கதவில் என்ன செய்வோம், இரவில் யார் எப்போது காவல், பெட்டியை யார் எங்கிருந்து திறப்பார் என்பதைக் குழு ஓர் அட்டையில் எழுதி டிஎம்மிடம் கொடுக்கலாம். வாயால் சொல்லாவிட்டாலும் அவை நடந்ததாகவே கொள்ளப்படும். "நீ சொல்லவில்லையே" என்று பிடிக்கும் உரிமையை டிஎம் அன்றே கைவிட வேண்டும். அதைக் கைவிட மனமில்லாதவரிடம் அட்டை கொடுத்துப் பயனில்லை.

மணி அடித்துவிட்டது. எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. பத்தடிக் கோலால் தரையைத் தட்டிக்கொண்டே நடக்கும் அதே ஆட்டக்காரர், வேறொரு டிஎம்மின் மேசையில் கோலைக் கீழே வைத்துவிட்டு நேராக நடக்கிறார். ஆள் மாறவில்லை. மாறியது எது என்று இந்த அவைக்குச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.